‘கோ அஹெட்’ என்னும் ஆங்கில மரபுத்தொடர்

சொற்கள் தனித்து நிற்குங்கால் ஒரு பொருளும், கூடி நிற்குங்கால் பிறிதொரு பொருளும் பயத்தல் எல்லா மொழிக்கும் இயல்பு. ‘கைவிட்டான்’ என்று தமிழிற் கூறுமிடத்து, பற்றியிருந்த கையை ஒருவன் விடுவித்தான் என்று நாம் பொருள் கொள்வதில்லை. ஆதரவை நீக்கினான் என்றே கொள்கின்றோம். ‘செவிசாய்த்தான்’ என்றவழிச் செவி சாய்ந்ததோ நிமிர்ந்ததோ என்று எவரும் ஆராய்வதில்லை. இத்தகையவற்றை மரபுத்தொடர் என்பர். தாய்மொழியில் இவை நாம் அறியாமலே நம் நாவில் ஏறிவிடுகின்றன. அயல்மொழியிலோ, அகராதியைத் துணைக்கொண்டு தனித்தனிச் சொல்லுக்குப் பொருள் கண்டு கூட்டுவோர்க்கு இவை தம் உட்பொருளைக் காட்டாது மறைந்து நிற்கின்றன.

ஆங்கிலத்தில் இவ்வகைத் தொடர்கள் மிகப் பல. அவற்றுள் அளவாற் சிறியதும், நாள்தோறும் பன்முறை வழங்குவதுமாகிய ‘கோ அஹெட்’ என்பதை யாம் ஈண்டு எடுத்துக்கொண்டோம். ‘கோ’ என்பதற்குச் ‘செல்’ என்பதும், ‘அஹெட்’ என்பதற்கு ‘முன்னே’ என்பதும் பொருள். ஆகவே ‘முன்னே செல்’ என்று பெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆயின், ‘இந்த நாற்காலியில் அமரலாமா?’ என்று வினவிய ஒருவனுக்கு விடையாக இத்தொடர் வருமாயின், ‘முன்னே செல்’ என்பது பொருந்துமா? அமர விரும்பினவனை நடக்க விட்டதாகவே அது முடியும். எனவே, இத்தொடரின் பிறப்பையும் பொருளையும் வழக்கையும், அவற்றிற்கு நேரான தமிழ் வழக்கையும், இசைவைக் குறிக்கும் சொல்லைப் பிறழ உணர்வதால் விளையும் கேட்டையும் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்பிறப்பைக் காண்போம். ‘ஹெட்’ என்பது தலை. அதன் முன் நிற்கும் ‘அ’ என்பது, ‘மேல்’ அல்லது ‘இடத்து’ என்று பொருள்படும் ‘ஆன்’ என்னும் பழஞ்சொல் தேய்ந்து நின்ற வடிவம். ‘கரைமேல்’ என்னும் பொருட்டாகிய ‘அஷோர்’ என்பதிலும், ‘உறக்கத்தில்’ என்னும் பொருட்டாகிய ‘அஸ்லீப்’ என்பதிலும் அதே எழுத்து வந்துள்ளமை காண்க. ‘அஹெட்’ என்பது ஏறக்குறைய 400 ஆண்டுகட்கு முன்னர் மாலுமிகளின் பேச்சில் வழங்கிய சொல். கப்பலின் முற்பகுதியை அவர்கள் தலை என்றனர். அத்தலை நோக்கும் திசையில் உள்ளது ‘அஹெட்’. பின்புறத்தில் உள்ளது ‘அஸ்டெர்ன்’. பிற்காலத்தே நீராவிக் கப்பல்கள் தோன்றியபோது, மேல்தளத்திலிருந்து எஞ்சின் அறைக்கு ஆணை தெரிவிக்கும் வட்டமான கருவியின் முகத்திலும் இவ்விரு சொற்களே பொறிக்கப்பட்டன. அங்கிருந்து கரையேறிய சொல் இன்று எல்லோர் வாயிலும் வழங்குகின்றது.

தலை என்னும் உறுப்பின் பெயரால் தொடக்கத்தைக் குறித்தல் ஆங்கிலர்க்கு மட்டும் உரியதன்று. ‘செய்யத் தலைப்பட்டான்’ என்று நாமும் கூறுகின்றோம். அங்கே தலை என்பது செயலின் தொடக்கத்தையன்றி வேறெதனையும் குறிப்பதில்லை. இரு மொழியினரும் ஒருவரையொருவர் அறியாத காலத்திலேயே ஒரே உறுப்பைக்கொண்டு அண்மையான இரு கருத்துகளைக் குறித்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி, இத்தொடர் வழங்கும் பொருள்களை முறையே ஆராய்வோம்.

முதலாவது, நேர்ப்பொருள். வழிநடப்போர் இருவருள் ஒருவர் மற்றவரை நோக்கி, ‘நீர் கோ அஹெட்; யாம் பின்னர் வருகின்றோம்’ என்பாராயின், முன்னே நடத்தலே பொருள். தமிழில் ‘முன்’ என்னும் சொல் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே குறிக்க வல்லது. ‘முன்சென்றான்’ என்பது முன்புறமாகச் சென்றான் எனவும், முற்பட்ட காலத்திற் சென்றான் எனவும் இருபொருள் தரும். ஆங்கிலத் தொடரும் இவ்விடத்து அங்ஙனமே இரண்டையும் தழுவி நிற்றலால், ‘முன்னே செல்லுங்கள்’ என்னும் மொழிபெயர்ப்பு இஃதொன்றிற்குக் குறைவின்றிப் பொருந்தும்.

இரண்டாவது, இசைவுப்பொருள். இதுவே பெருவழக்கு. ‘இச்சாளரத்தைத் திறக்கலாமா?’, ‘தங்கள் எழுதுகோலைச் சிறிது எடுத்துக்கொள்ளலாமா?’, ‘ஒன்று கேட்கலாமா?’ என்னும் மூன்று வினாக்களுக்கும் ஆங்கிலத்தில் ‘கோ அஹெட்’ என்னும் ஒரே விடை போதும். தமிழிலோ மூன்றிற்கும் மூன்று விடைகள் வேண்டும்: ‘திறவுங்கள்’, ‘எடுத்துக்கொள்ளுங்கள்’, ‘கேளுங்கள்’. இவ்வேற்றுமையை அன்பர்கள் உற்று நோக்குதல் வேண்டும். தமிழன் இசைவு தருங்கால், கேட்டவன் வாயிலிருந்து வந்த வினைச்சொல்லையே எடுத்து அவனுக்குத் திருப்பித் தருகின்றான். ‘வரலாமா?’ என்றால் ‘வாருங்கள்’ அல்லது ‘வரலாம்’ என்பதே விடை. ‘வரலாம்’ என்பது ‘வரல்’ என்பதும் ‘ஆம்’ என்பதும் கூடியதாகலின், அவ்வொரு சொல்லுள்ளேயே செயலின் பெயரும் உடன்பாடும் அடங்கிக் கிடக்கின்றன. ஆங்கிலத் தொடரோ செயலின் பெயரைச் சொல்லாது, ‘நீ எண்ணியது எதுவோ அதனைச் செய்க’ என்று விட்டுவிடுகின்றது. எச்செயலுக்கும் பொருந்துதலே அதன் வலிமை. எச்செயல் என்று கூறாமையே அதன் வலியின்மை. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

இசைவுப்பொருளிலும் ஒரு நுட்பம் உண்டு. கதவருகே நின்று ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்பவனுக்கு ஆங்கிலர் ‘கோ அஹெட்’ என்று விடைகூறுதல் வழக்கமன்று. ‘கம் இன்’ என்பர். பேசுவோனை நோக்கி வருதலைச் ‘செல்’ என்னும் சொல்லாற் கூறுதல் பொருந்தாமையே காரணம். ஆனால் அறையின் வெளியே இருவரும் நிற்க, ஒருவன் ‘உள்ளே போகலாமா?’ என்று கேட்பின், இத்தொடர் நன்கு பொருந்தும்.

மற்றொன்று: ‘போய் வரட்டுமா?’ என்று விடைபெறுபவரை நாம் ‘போங்கள்’ என்று கூறி அனுப்புவதில்லை. ‘போய் வாருங்கள்’ என்போம். போதலை மட்டும் கூறுதல் மங்கலமன்று என்பது நம் முன்னோர் கொள்கை. வழக்கைப் பகுத்த நன்னூலார் தகுதி வழக்கினுள் மங்கலத்தையும் ஒன்றாக வைத்தமை நாம் அறிந்ததே. ஆங்கிலத்தில் ‘கோ’ என்பதற்கு இவ்வகைக் கடுமை இல்லை. ஆகவே ‘கோ’ வருமிடந்தோறும் ‘போ’ என்று பெயர்ப்பவர், ஆங்கிலத்தில் இல்லாத அமங்கலத்தைத் தமிழிற் புகுத்தியவராவர்.

மூன்றாவது, காத்திராமையைக் குறிப்பது. உணவுக்கு வர நேரமாகும் என்று அறிவிக்கும் ஒருவர், ‘கோ அஹெட் அண்டு ஈட்’ என்பார். ‘எமக்காகக் காத்திராமல் உண்ணத் தொடங்குங்கள்’ என்பது கருத்து. இங்கே அனுமதி கேட்டவர் எவரும் இலர். தயங்கி நிற்போர் மட்டுமே உளர். அத்தயக்கத்தை இத்தொடர் நீக்குகின்றது. தமிழில் இக்குறிப்பைப் பெரும்பாலும் ‘விடு’ என்னும் துணைவினை காட்டும். ‘நீங்கள் உண்டுவிடுங்கள்’ என்றால் காத்திருத்தல் வேண்டா என்பது தானே பெறப்படும். இருவர் ஒரே நேரத்திற் பேசத் தொடங்கி இருவரும் நிறுத்திக்கொண்டவிடத்தும், ஒருவர் மற்றவர்க்கு இத்தொடரையே கூறுவர். அங்கே ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்பதே நேரான தமிழ்.

நான்காவது, தடையிருந்தும் நிகழ்தல். மழை பெய்தும் பந்தாட்டம் நடைபெற்றது என்பதையும், பலர் மறுத்தும் தீர்மானம் செயலாயிற்று என்பதையும் இத்தொடரின் இறந்தகால வடிவமாகிய ‘வென்ட் அஹெட்’ என்பதாற் கூறுவர். ‘திட்டமிட்டபடியே நடந்தது’ என்பது இதற்கேற்ற தமிழ்.

இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கின், அவற்றுள் ஊடுருவி நிற்கும் பொதுப்பொருள் ஒன்று புலப்படும். எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையே ஒரு தடை நிற்கின்றது. அது பிறருடைய இசைவின்மையாகலாம். மரியாதை பற்றிய தயக்கமாகலாம். மழையும் எதிர்ப்பும் போன்ற புறத்தடையாகலாம். அத்தடை இனி இல்லை, அல்லது பொருட்டன்று, என்பதையே ‘கோ அஹெட்’ அறிவிக்கின்றது. இதனை நினைவிற் கொள்வோர்க்கு இத்தொடர் எங்கு வரினும் பொருள் மயங்காது. இதனோடு ஒத்ததாகத் தோன்றும் ‘கேரி ஆன்’ என்பதனின்று இதனைப் பிரித்தறிவதற்கும் இதுவே கருவி. ‘கேரி ஆன்’ என்பது முன்பே தொடங்கிய செயலை விடாது நடத்துக என்பது. ‘கோ அஹெட்’ என்பது பெரும்பாலும் தொடங்காத செயலைத் தொடங்குக என்பது. முன்னதற்குத் ‘தொடர்க’ என்பதும், பின்னதற்குத் ‘தொடங்குக’ என்பதும் ஏற்கும். ‘ப்ரொஸீட்’ என்பதோ நீதிமன்றத்திற்கும் அவைக்கும் உரிய பெருமித நடைச் சொல். நண்பரோடு உரையாடுங்கால் அதனை எடுத்தாளுதல் நகைப்புக்கு இடமாகும்.

இத்தொடர் வினையாக மட்டுமன்றிப் பெயராகவும் அடையாகவும் வழங்கும். அப்போது இடையே சிறு கோடிட்டு எழுதுவர். ஓர் அரசு ஓர் அணைத்திட்டத்திற்கு ‘கோ-அஹெட்’ கொடுத்தது என்றால், ஒப்புதல் அளித்தது என்பது பொருள். இதனையே நம் செய்தித்தாள்கள் ‘பச்சைக்கொடி காட்டியது’ என்று எழுதுகின்றன. புகைவண்டியை விடுக்கும் கொடியினின்று பிறந்த அத்தொடர், இருப்புப்பாதை நம் நாட்டிற்கு வந்தபின் தோன்றியதாதல் வேண்டும். சென்னை இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது 1856 ஆம் ஆண்டு ஆதலின், அது மிகப் பழைய தொடரன்று. ஆயினும் முழுதும் நம்முடையதாகிவிட்டது. அடையாக வருங்கால், ‘கோ-அஹெட்’ மனிதன் என்பது ஊக்கமும் துணிவும் உடையவனைக் குறிக்கும். 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் இச்சொல்லைத் தம் நாட்டாரின் இயல்பைக் குறிக்கப் பெரிதும் வழங்கினர். தென்னசி நாட்டு எல்லைப்புறத்து வேட்டைக்காரராய்ப் புகழ்பெற்று, அமெரிக்கப் பேரவையிலும் உறுப்பினராயிருந்த டேவிட் கிராக்கெட் என்பார், 1834 ஆம் ஆண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், செய்வது சரிதான் என்று முதலில் உறுதி செய்துகொண்டு அதன்பின்னரே முற்படுதல் வேண்டும் என்னும் கருத்தைத் தம் கொள்கையாக வைத்தார். அவர் கொள்கையின் பிற்பாதியையே மக்கள் பெரிதும் கொண்டாடினர். முற்பாதியே நமக்கு மிகுதியும் வேண்டுவது.

குரல் வேறுபாட்டால் பொருள் முற்றும் மாறுதலும் உண்டு. சினந்த ஒருவன், தன்னை அடிக்கக் கையோங்குபவனை நோக்கி ‘கோ அஹெட்’ என்பானாயின், அஃது அனுமதியன்று, அறைகூவல். ‘அடித்துத்தான் பாரேன்’ என்று நாம் கூறுவதை இது முற்றும் ஒக்கும். ஏவலாய் நின்ற சொல் தடுத்தலைக் குறிக்கும் இவ்விந்தையை எழுத்து காட்டாது, செவியே காட்டும்.

இனி, இத்தொடர் ஒரு கூட்டத்தார்க்குரிய குறியாக வழங்குமாற்றைக் கூறுவோம். நன்னூலார் இத்தகையவற்றைக் குழூஉக்குறி என்பர். ஒருவர் பேசி முடித்தபின்னரே மற்றவர் பேசக்கூடிய கருவிகளில், ‘எம் பேச்சு முடிந்தது, இனி நீர் பேசலாம்’ என்று அறிவித்தல் இன்றியமையாதது. தந்தியடிப்போர் இதற்குக் ‘கே’ என்னும் ஓரெழுத்தைப் பயன்படுத்தினர். செவிப்புலன் இல்லாதாரும் தொலைபேசியின் வழியே எழுத்தால் உரையாடும் வண்ணம், தாமே செவிப்புலன் இழந்தவராகிய ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் 1964 ஆம் ஆண்டில் ஒரு கருவியை அமைத்தார். அவ்வகைக் கருவிகளைப் பயன்படுத்துவோர், தம் முறை முடிந்ததென்பதைக் ‘கோ அஹெட்’ என்பதன் முதலெழுத்துகளாகிய ‘ஜி’, ‘ஏ’ என்னும் இரண்டையும் அடித்துக் காட்டினர். பேசும் முறையை மற்றவர்க்குப் பணிவோடு கையளித்தலே இங்குப் பொருள்.

வானூர்திகளை வழிநடத்தும் வானொலிப் பேச்சிலும் இத்தொடர் இடம்பெற்றது. விமானி நிலையத்தை அழைத்தவுடன், அங்குள்ள அலுவலர் ‘கோ அஹெட்’ என்பார். ‘உம் செய்தியைச் சொல்லும்’ என்பதே அவர் கருத்து. ஆனால் ஓடுபாதையின் விளிம்பில் வானூர்தியை நிறுத்திக்கொண்டு, எப்போது செல்லலாம் என்று காத்திருக்கும் ஒரு விமானியின் செவியில் அச்சொல் எவ்வாறு ஒலிக்கும்? ‘முன்னே செல்’ என்று ஒலித்தால் வியப்பென்ன? சொல்லுக்கு உரிமையான பொருளே அது! முன்னர் யாம் சுட்டிய வலியின்மை இங்கேதான் வெளிப்படுகின்றது. எச்செயல் என்று பெயர் கூறாத இசைவு, கேட்போன் நெஞ்சில் எச்செயல் நிற்கின்றதோ அதற்கு இசைவாகிவிடுகின்றது. இது பற்றியே அமெரிக்க விமானத்துறையினர் தம் சொல்லடைவில், இத்தொடர் செய்தியைக் கூறுக என்னும் பொருளிலன்றிப் பிற எதற்கும் வழங்கலாகாது என்று வரையறுத்தனர். பிரித்தானியரோ இத்தொடரையே விலக்கி, ‘உம் செய்தியைக் கூறுக’ என்னும் பொருளுள்ள வெளிப்படையான தொடரை அதன் இடத்தில் வைத்தனர். சில விமானிகள் இதனைச் செல்வதற்குரிய அனுமதியாக மயங்கியமையே காரணம்.

இஃது அளவிறந்த அச்சம் என்று கருதுவோர், 1977 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆம் நாள் நிகழ்ந்ததை நினைவுகூர்தல் நலம். கானரித் தீவுகளுள் ஒன்றாகிய டெனரீபில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தின் ஓடுபாதையில், மூடுபனியினிடையே, போயிங் 747 வகையைச் சார்ந்த இரண்டு பெரு விமானங்கள் மோதின. 583 பேர் மாண்டனர். அங்கே மயக்கம் விளைத்தது நாம் ஆராயும் தொடரன்று; அதன் இனமாகிய வேறு சொற்கள். டச்சு விமானத்தார், பறந்தபின் செல்லவேண்டிய வழியைக் குறித்த இசைவையே பெற்றிருந்தனர். ஓடுபாதையில் விரைந்தெழுவதற்குரிய இசைவைப் பெறவில்லை. எனினும் விமானம் ஓடத் தொடங்கியது. தாம் எழும் நிலையில் உள்ளதாக அவர்கள் வானொலியிற் கூற, எழுவதற்குக் காத்திருக்கின்றனர் என்று அலுவலர் உணர்ந்து, ‘ஓகே’ என்றார். உடனே, ‘காத்திரும், யாம் அழைப்போம்’ என்றும் சொன்னார். அதே நொடியில், அவ்வோடுபாதையில் இருந்த அமெரிக்க விமானத்தின் குரலும் வானொலியிற் கலந்தமையால், ‘ஓகே’ என்பதன் பின் வந்த சொற்கள் தெளிவாகச் சென்று சேரவில்லை. அவ்விபத்திற்குக் காரணங்கள் பல; மூடுபனியும், நெரிசலும், விரைவும் அவற்றுட் சில. ஆயினும், பெயர் கூறாத ஓர் உடன்பாட்டுச் சொல்லும் அவற்றோடு ஒன்றாய் நின்றது என்பதை மறுப்பாரில்லை.

அதன்பின் வானூர்தித் துறையினர் தம் மொழியைத் திருத்திக்கொண்டனர். விமானம் எழுதலைக் குறிக்கும் ‘டேக்-ஆப்’ என்னும் சொல்லை, எழுவதற்கு உண்மையிலேயே இசைவு தரும்போதும் அவ்விசைவை நீக்கும்போதும் அன்றி வேறெங்கும் வழங்கலாகாது என்றனர். பிற இடங்களிற் ‘புறப்பாடு’ என்னும் பொருளுள்ள வேறு சொல்லை வைத்தனர். ‘ஓகே’ என்று மட்டும் கூறுதல் போதாது. பெற்ற ஆணையின் இன்றியமையாப் பகுதிகளை விமானி தன் வாயால் மீட்டுக் கூறுதல் வேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டது.

இதனை நோக்குங்கால் எமக்கு ஒன்று தோன்றுகின்றது. செயலின் பெயரை எடுத்துக் கூறியே இசைவு தருதல் வேண்டும் என்று அவர்கள் பெரிய இழப்பிற்குப்பின் வகுத்துக்கொண்ட முறை, ‘வரலாமா?’ என்பார்க்கு ‘வரலாம்’ என்று விடைகூறும் நம் வீட்டு வழக்கோடு ஒத்ததன்றோ? இதனால் தமிழ் உயர்ந்தது, ஆங்கிலம் தாழ்ந்தது என்று யாம் கூறவில்லை. ஆங்கிலத்திலும் வினையைத் திருப்பிக் கூறலாம். தமிழிலும் மயக்கம் தரும் உடன்பாட்டுச் சொற்கள் இல்லாமலில்லை. ‘ஆகட்டும்’ என்பதையே எடுத்துக்கொள்க. அது ‘செய்க’ என்னும் இசைவாகவும் வரும். ‘பின்னர்ப் பார்ப்போம்’ என்னும் ஒத்திவைப்பாகவும் வரும். 1954 முதல் 1963 வரை நம் நாட்டின் முதலமைச்சராயிருந்த காமராசர், வேண்டுகோளோடு வருவோர்க்கு ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்று விடைகூறுவார் என்பது பலரும் அறிந்தது. அவ்விடையை உடன்பாடெனக் கொள்வதா, மறுப்பெனக் கொள்வதா என்பதைக் கேட்டவர் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. எனவே குறை மொழியினதன்று, இடமறியாது வழங்குவோரதேயாம்.

முடிவாக, மொழிபெயர்ப்பிற் புகும் நம் மாணவ நண்பர்க்குச் சில கூறி அமைவோம். ‘கோ அஹெட்’ என்பதைக் கண்டவிடத்து, ‘முன்னே செல்’ என்று உடனே எழுதிவிடாது, எந்தத் தடையை அது நீக்குகின்றது என்று முதலில் வினவுக. வழிநடையாயின் ‘முன்னே செல்லுங்கள்’ என்க. அனுமதியாயின், கேட்டவரது வினையையே எடுத்துத் ‘திறவுங்கள்’, ‘கேளுங்கள்’ என்க. விருந்தோம்பும் உள்ளம் தோன்றவேண்டின் ‘தாராளமாக’ என்பதையும் கூட்டுக. பேச்சைத் தொடரச் சொல்வதாயின் ‘மேலே சொல்லுங்கள்’ என்க. அரசின் ஒப்புதலாயின் ‘இசைவு அளித்தது’ என்க. அறைகூவலாயின் ‘செய்துதான் பார்’ என்க. இங்ஙனம் ஒரு தொடர்க்கு ஆறு தமிழ் வருதல் கண்டு மலைத்தல் வேண்டா. சொல்லைப் பெயர்ப்பவன் ஒன்றே எழுதுவான். பொருளைப் பெயர்ப்பவன் இடத்திற்கு ஏற்ப எழுதுவான்.

ஆங்கிலம் பேசுங்காலும் இஃதே முறை. உணவு மேசையிலும் நண்பர் குழுவிலும் ‘கோ அஹெட்’ என்று இனிதே கூறலாம், பிழைத்தாலும் கேடில்லை. ஆனால் மருந்தளிக்கும் செவிலியர்க்கும், பொறியை இயக்கும் தொழிலாளிக்கும், ஏணியின் உச்சியில் நின்று மின்கம்பியைத் தொடலாமா என்று கேட்பவனுக்கும் விடை கூறுமிடத்து, செய்யத்தக்க செயலின் பெயரை வெளிப்படையாகக் கூறுக. அவர்கள் அதனை மீட்டுக் கூறுமளவும் காத்திருக்க. நாம் தரும் இசைவு எதற்கென்று நாம் அறிந்திருத்தல் மட்டும் போதாது. பெறுவோரும் அதனையே பெற்றனர் என்று தெளிதல் வேண்டும்.